வெறும் எண்டரைத் தட்டாதே, மருமகளே

ராஜபாளையம் தென்காசி ரோட்டின் மின்சாரப் பேரரசரும், கருகிப்போன மோட்டார்களுக்கு மறுபிறவி கொடுக்கும் வள்ளலும், ஒரு தும்மலில் செட்டியார்பட்டி வரை கதவு ஜன்னல்களை அடைக்க வல்லவரும் ஆகிய உன் தாய்மாமன், வருகிற முகூர்த்தத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழப் போகிற மருமகள் செண்பகாவுக்கு எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே, அதாவது அடுத்த அறையில், நீயும் நலம் என்று உன் அம்மா சொல்கிறாள். நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் என் மேசை மேல் கிடக்கிறது. பட்டறைச் சாவி. பூ வைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் போன மறுநாள் காலை வந்து, அதை ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, "மாமா, இனிமே இது எனக்கு வேண்டாம். மில்லுப் பெட்டி வேலைய வேற யாருக்காச்சும் சொல்லிக் குடுத்துருதேன்" என்றாய். நான் பேச வாயெடுப்பதற்குள் சேலைக் கடைக்குப் போய்விட்டாய். என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அதற்குள் ஒரு வவ்வால் குடும்பம் குடியேறி, பேரன் பேத்தி எடுத்துப் பறந்தும் போனது. அன்று பேச முடியாததை இன்று எழுதுகிறேன். கல்யாணக் களேபரம் அடங்கியதும் இதை அச்சடித்து ஊருக்கே கொடுப்பேன். எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. முதல் பிரதி மட்டும் உனக்கு.

உன் அப்பா, நீ தவழும் பருவத்திலேயே போய்ச் சேர்ந்தார். அக்கா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அதன்பின் உனக்கு நான் மாமனா அப்பனா என்ற குழப்பம் எனக்குத்தான் அவ்வப்போது வந்ததே தவிர, உனக்கு வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் "வீட்டுல என்ன தொழில்?" என்று கேட்டபோது, "மாமா ஷாக் அடிக்கிற வேல பாக்காக" என்று எழுந்து நின்று சொன்னவள் நீ. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த காலத்தில் காலேஜ் பஸ் உன்னை நம் பட்டறை வாசலில்தான் இறக்கிவிடும். நீ வீட்டுக்குப் போய் காபி குடித்துவிட்டு வரலாம். போகமாட்டாய். பையைத் தூக்கி மோட்டார்கள் மேல் போட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன கெட்டுருக்கு மாமா?" என்று கேட்பாய். உலகத்தில் ஏதாவது கெட்டிருந்தால்தான் உனக்கு முகம் மலரும். டாக்டர் ஆகியிருக்க வேண்டியவள்; ஊர் தப்பித்தது.

இது அறிவுரைக் கடிதம். ஆகவே சம்பிரதாயத்துக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். மாமியார் குழம்பில் உப்புக் குறைந்தால் வாயைத் திறக்காதே, ஊறுகாயைத் தொட்டுக்கொள். மாப்பிள்ளை குறட்டை விட்டால் மல்லாக்கப் படுத்திருப்பவரை ஒருக்களித்துத் திருப்பு. மோட்டார் சத்தம் குறைப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். இவை உனக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. அதைச் சொல்ல மில்லுக்குள் மழை பெய்த கதைக்குத்தான் போக வேண்டும். எனக்குச் சாதகமில்லாத கதைதான். இருந்தாலும் நானே சொன்னால் கொஞ்சம் அலங்காரமாவது இருக்கும்.

ஸ்பின்னிங் மில்லுக்குள் காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். நம் ஊர்ச் சின்ன மில்களில் இதற்கென்றே ஓர் ஆள், ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் தண்ணீர் வால்வைத் திருகுவதுமாக நிற்பார். அவர் டீ குடிக்கப் போனால் நூலும் கூடவே போகும். பெரிய மில்காரர்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டி வரவழைத்தார்கள். சின்ன மில்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். நீதான் சொன்னாய்: "மாமா, இந்த வேலைய ஒரு பழைய கம்ப்யூட்டர் போர்டே பாத்துக்கிடும். ஸ்க்ரீன் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். பஞ்சுத் தூசியில ஹார்டு டிஸ்க் நிக்காது, அதும் வேண்டாம். ஒரே ஒரு ஃப்ளாப்பியில இருந்து எந்திரிச்சு மெமரிக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா போதும்." நான் உடனே, இந்தப் பெட்டி அமெரிக்க ஜனாதிபதி வீட்டு ஈரத்தையும் கட்டுப்படுத்தும் என்று தென்காசி ரோடு முழுக்க அறிவித்தேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸ் இருந்தது. அதன் நடுநாயகமாக இருப்பது கெர்னல். கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டர் மாதிரி என்று எனக்கு விளக்கினாய்: எந்த அடுப்பு யாருக்கு, எந்த அண்டா எப்போது இறங்க வேண்டும், யார் காத்திருக்க வேண்டும் என்று எல்லாம் அந்த ஒருவர் கையில். சிடியில் வந்த மாஸ்டரோ உலகத்துச் சாமான் அத்தனையையும் கூட்டிக்கொண்டு வந்தவர். பாட்டுக் கேட்கும் கார்டு, விளையாட்டுக் குச்சி, நாம் பார்த்தே இராத மெஷின்கள், எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருந்தார். நம் ஃப்ளாப்பியில் அவர் செருப்பை வைக்கக்கூட இடமில்லை. அதனால் நமக்கு வேண்டியதை மட்டும் வைத்துக் கெர்னலைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

அதற்கு முன் கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும். ஒவ்வொரு பாகமாக: இது வேண்டுமா, வேண்டாமா? ஒய் (Y) என்றால் வேண்டும், என் (N) என்றால் வேண்டாம். கேள்வியின் வாலிலேயே ஒரு பதில் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீ எதுவும் சொல்லாமல் எண்டரைத் தட்டினால் அந்தப் பதிலே உன் பதில். பின்னால் போக வழியில்லை. தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. நான் உன் பின்னால் நாற்காலி போட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். அந்தச் சபையை நினைத்தால் இன்றும் எனக்கு மீசை துடிக்கிறது. சவுண்டு கார்டா? வேண்டாம்! சிடி டிரைவா? நாடு கடத்து! அக்பர் கூட அத்தனை மனுக்களை அத்தனை வேகத்தில் தள்ளுபடி செய்திருக்கமாட்டார். அப்போது பார்த்து அக்கா ஆமவடை அனுப்பினாள். கேள்விகள் தீர்ந்தபாடில்லை, வடை ஆறிக்கொண்டிருந்தது. "ஏட்டி, இனி வாரதுக்கெல்லாம் எண்டரத் தட்டிக்கிட்டே போ" என்று ஆணையிட்டேன்.

நீ ஓரிடத்தில் கையை நிறுத்தினாய். "மாமா, இதுல கணக்கு, எமுலேசன்னு என்னமோ கேக்குது."

"கணக்கா? நாம என்ன மில்லுக்கு பேலன்ஸ் ஷீட்டா போடப் போறோம்? தட்டுட்டி!"

தட்டினாய். நமது பட்டறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அருமையாக எழுந்தது. கெர்னல் இளைத்து, ஒல்லியாகி, ஃப்ளாப்பியில் ஏறி உட்கார்ந்த பின்னும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.

முதல் சோதனைக்கு இடம் கொடுத்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் இருக்கும் ஒரு மில்லின் மேனேஜர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் இரண்டு மொழியும் ஒரே கதவில் முண்டியடித்து வெளியே வரும். அவர் மில்லில் பெட்டி ஓடினால் நம் பட்டறை பிழைக்கும், உன் படிப்புக்கும் உள்ளூரிலேயே ஒரு தொழில் நிற்கும். ஓடாவிட்டால் நான் மறுபடி கருகிய மோட்டார், நீ பெங்களூர் பஸ். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். தேங்காய் உடைத்தேன். சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. "வால்வ பெட்டி பாத்துக்கிடும், நீங்க டீ குடிச்சுட்டு வாங்க!" என்று வால்வு பார்க்கிறவருக்கு வாழ்நாள் விடுதலை அளித்தேன். நம் ஏற்பாட்டில் வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். ஈரம் போதும் என்று கணக்குப் பார்த்துப் பெட்டிதான் அதை மூட வேண்டும்.

பெட்டி மூடவில்லை. ஈரக்காற்று முதலில் பனியாக வந்தது, பிறகு சாரலாக வந்தது, பிறகு குற்றாலமாக வந்தது. ரோலர் ஒவ்வொன்றும் பஞ்சைச் சுற்றிக்கொண்டு சாமியார் தாடி வளர்த்தது. தவளை கத்தியதை நான் என் காதால் கேட்டேன். நீ இல்லை என்பாய், கேட்டேன்.

"ஏமய்யா இது! மில்லுக்குள்ள ஐப்பசி மாசத்தக் கொண்டாந்து விட்டுட்டீரே!" என்று மேனேஜர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"பச்ச லைட்டு எரியுதே சார்!" என்றேன் நான்.

"லைட்டும் எரியுது, எம் வயிறும் எரியுது! மூடுமய்யா மொதல்ல!"

பச்சை விளக்கு கரண்டு வந்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். உள்ளே கம்ப்யூட்டர் எழுந்ததா என்று சொல்ல நம்மிடம் எந்த விளக்கும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றேன். மேனேஜர் பெட்டியை விடவில்லை. "பெட்டி இங்கனயே கெடக்கட்டும். என்ன கோளாறுன்னு இங்கன வந்து சொல்லுங்க. இல்லாட்டி பழைய இரும்புக்குப் போட்டுருவேன்." பெட்டியில் திரையும் இல்லை. ஆகவே ஆபீஸ் மானிட்டரை நாமே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்றே பேர் கொண்ட குன்றுப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பாதி பஸ்ஸுக்குள்ளும் மீதி பஸ்ஸுக்கு மேலும் இருந்தது. நாமம் போட்ட ஓர் ஆச்சி தன் இடத்தை மானிட்டருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். "ஏட்டி, டிவியா? பெருமாள இதுலயே காட்டுவானா? அப்பம் மல ஏற வேண்டாமில்ல?" என்று உன்னைக் கேட்டாள். கண்டக்டர், "டிவிக்கு டிக்கெட்டு?" என்றார். "அது கைக்கொழந்த" என்றேன். "கைக்கொழந்தன்னா மடியில வையி, ஆச்சிய உக்கார விடு" என்றார். மில் வரை நீயும் நானும் மாறி மாறி அந்தக் குழந்தையைச் சுமந்தோம். என் முதுகெலும்பு அன்று வளைந்த வளைவு, இன்று ரோடு போடுகிறவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கிறது.

மில்லில் மானிட்டரை மாட்டிப் பெட்டிக்கு உயிர் கொடுத்தாய். எழுத்துகள் ஓடி வந்து ஓரிடத்தில் நின்றன. நீ குனிந்து படித்தாய். தசமக் கணக்குப் போடும் சில்லு இந்த போர்டில் இல்லை, அதற்குப் பதில் கணக்குப் போட ஆளையும் நீங்கள் வைக்கவில்லை என்று முதலில் ஒரு வரி. அதன் கீழே, தனியாக, ஒற்றை வரி: கைவிடுகிறேன். நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் புதிது, அதற்குள் அந்தச் சில்லு இருந்தது. பெட்டிக்குள் இருந்ததோ பழைய போர்டு. நான் வடைக்காகத் தட்டச் சொன்ன எண்டரில் அந்த மாற்று ஆள் வெளியே போயிருந்தார். மில் நூலும் நம் மானமும் அவரோடு போயின.

வேறு யாராக இருந்தாலும், "மாமா சொன்னாக, தட்டினேன்" என்றிருப்பார்கள். நீ மேனேஜர் பக்கம் திரும்பி, "பெட்டி கெடல சார். நாங்க கேள்வியப் படிக்காமப் பதில் சொல்லிட்டோம். இன்னொரு தடவ கட்டிக் கொண்டாரேன்" என்றாய். அவர் உன்னையும் தாடி வளர்த்த ரோலர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னொரு மழை பேஞ்சதோ, பெட்டியையும் உங்க மாமனையும் சேத்துக் கண்மாயில போட்டுருவேன். சரேனா?" என்றார். நீ சரி என்று தலையாட்டி, பெட்டியையும் தூக்கிக்கொண்டாய். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அந்த ஒரு பதிலை மட்டும் மாற்றியிருந்தால் போதும். நீ மாட்டேன் என்றுவிட்டாய். "ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சு போச்சு. சும்மா தட்டுன எண்டரு இன்னும் எம்புட்டு இருக்கு? அதுல எது எதுன்னு யாரு கண்டா மாமா?" முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாய். என்னைப் பட்டறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாய். ஒய், என் இரண்டும் தவிர மூன்றாவதாக ஒரு பதில் உண்டு என்று அப்போதுதான் உனக்குத் தெரிய வந்தது. கேள்விக்குறியைத் தட்டினால், நான் யார், எதற்காகக் கேட்கிறேன், என்னை வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று அந்தக் கேள்வியே தன்னைப் பற்றி விளக்கம் சொல்லும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ தட்டியதில் பாதி கேள்விக்குறி. தூக்கி எறிந்ததும் நிறைய. ஆனால் எதை எறிகிறோம் என்று முகம் பார்த்து எறிந்தாய். வெளியே வந்து என்னிடம் சொன்னதை நான் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன், இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்: "சின்னதாக்கணும்னா எத எடுக்கணும்னு பாக்கக் கூடாது மாமா. எது இல்லாட்டி இது எந்திரிக்காதுன்னு பாக்கணும். மொதல்ல அத வச்சுட்டு, பொறவு மிச்சத்த எடுக்கணும்."

பெட்டியின் முகப்பில் இரண்டாவது விளக்கு ஒன்று வைத்தாய். மஞ்சள். உள்ளே கம்ப்யூட்டர் எழுந்து, கணக்குப் பார்த்து, வேலை செய்துகொண்டிருந்தால் மட்டுமே அது சிமிட்டும். "பச்ச சும்மா எரியும் மாமா. மஞ்சளப் பாருங்க" என்றாய்.

மறுபடி மில். இந்தத் தடவை தேங்காய் இல்லை. மேனேஜர் என்னைத் தொடக்கூட விடவில்லை. மஞ்சள் சிமிட்டியது. வால்வு தானாக மூடியது, திறந்தது, பாதியில் நின்றது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. அத்தனை மெஷினும் பெருமூச்சு விட்டு நின்றன. பச்சையும் போனது, மஞ்சளும் போனது. ஜெனரேட்டர் உறுமியது. பச்சை வந்தது. மேனேஜர் பச்சையைப் பார்க்கவே இல்லை, அவருக்கும் பாடம் ஆகியிருந்தது. நீ முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாய். பிறகு, யாரும் தொடாமல், யாரும் சொல்லாமல், மஞ்சள் சிமிட்டியது. உன் முகத்தில் அன்று எரிந்த வெளிச்சத்தில் ராஜபாளையம் முழுக்கத் தெருவிளக்கை அணைத்து வைத்திருக்கலாம். அந்தப் பெட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் செத்துவிழும் என்று பயமுறுத்துகிறார்களே, அன்று பூமியில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு மிச்சம் இருக்கும். அது நம்முடையது.

இப்போது பூ வைத்த நாளுக்கு வா. உன் மாமனாராகப் போகிறவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சம்பந்தி, நல்ல மனிதர். காபியைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம வீட்டுல பொம்பளைக வேலைக்குப் போற வழக்கம் இல்ல தாயி. உனக்குச் சம்மதந்தான?"

"சரிங்க."

"மில்லு கில்லுன்னு இனி அலைய வேண்டாமில்ல?"

"வேண்டாம்."

"படிச்ச பிள்ள. வீட்டுல இருக்கச் சடப்பா, சலிப்பா இருக்குமோ?"

"இல்லங்க."

டக், டக், டக். எனக்குக் காதில் கீபோர்டு சத்தம் கேட்டது. கேள்வியின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்த பதிலை அப்படியே எடுத்துக்கொண்டாய். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் அப்பா இருமினார், மாப்பிள்ளை மிக்சரை எடுத்துக்கொண்டார். உன் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். பச்சை எரிந்தது. மஞ்சளைத் தேடினேன், காணோம். இரவு அக்காவிடம் புலம்பினால், "ஏலே, நல்ல எடம் அமைஞ்சிருக்கு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருலே" என்றாள். சும்மா இருப்பது என் ஜாதகத்திலேயே இல்லை என்று அவளுக்குத் தெரியாதா?

ஆகவே நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். உன்னிடம் மிளகாய்ப் பொடி அரைக்கப் போகிறேன் என்று சொன்னது பொய். சம்பந்தி கடைக்குள் நுழைந்து, "சீருக்கு அண்டா வேணும்" என்றேன்.

"வாங்க, வாங்க. எம்புட்டுப் பெருசு?"

"ஒரு ஆளு உள்ள உக்காந்து குளிச்சு, தல துவட்டி, பேப்பரும் படிக்கணும்."

சிரித்துக்கொண்டே இருப்பதிலேயே பெரிய பித்தளை அண்டாவை உருட்டி வந்தார். நான் அதைத் தட்டிப் பார்த்தபடி, "அன்னைக்கு எம் மருமகள வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லிட்டியளே" என்றேன்.

"நான் எங்க வேண்டாம்னேன்? வழக்கம் இல்லன்னேன். எங்க அப்பா எங்க அம்மாகிட்டச் சொன்னாக, நான் இவகிட்டச் சொன்னேன். அன்னைக்கும் வாயில வந்துட்டு."

உன் மாமியார் உள்ளே சொம்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே பேசினார். "எங்கிட்டயும் சொன்னாகதான். நானும் சரின்னுட்டு, தையல் மிசின வித்துட்டு வந்தேன். எங்க தெருவுக்கே நாந்தான் தைப்பேன். இப்பம் எம் ரவிக்கையக் கூட வெளிய குடுத்துத்தான் தைக்கேன். அந்த டெய்லரு ஒரு நா கூட அளவாத் தச்சது கெடையாது." கடைசிச் சொம்பைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தார். சம்பந்தி இருமினார்.

"அப்பம் எம் மருமக வேலைக்கு வரலாமா?" என்று நான் பாய்ந்தேன்.

"அத நீங்க கேட்டா எப்பிடி? மாமன்காரன் வந்து அதட்டி வாங்கிட்டுப் போனான்னு ஊருல பேசுவான். பிள்ள வாயத் தொறந்து கேக்கட்டும். அப்பம் பாப்போம்" என்றார் சம்பந்தி.

"பாப்போம்னா சரின்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?"

"பாப்போம்னா பாப்போம்."

மருமகளே, அவர் சரி என்று சொல்வார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சொல்லாமலும் போகலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் திரையில் நிற்கிறது. இவ்வளவு நாளும் அதற்குப் பதில் சொன்னது நீ இல்லை, அவருடைய அப்பா. உனக்கு உண்மையாகவே இந்த வேலை சலித்துவிட்டால், சேலைக் கடையும் சமையலறையும்தான் சந்தோஷம் என்றால், நான் குறுக்கே நிற்கமாட்டேன். புது வீட்டில் நிறையத் தூக்கி எறியத்தான் வேண்டும். பட்டறை நாற்காலியில் கால் மேல் கால் போடுவதை எறி. என் வாயிலிருந்து கற்றுக்கொண்ட நாலைந்து வசவுகளை எறி. மாமனையே வேண்டுமானாலும் எறி, நான் தானாக வந்து ஒட்டிக்கொள்வேன். ஆனால் எது இல்லாவிட்டால் செண்பகா காலையில் எழுந்திருக்கமாட்டாளோ, அதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு மிச்சத்தை எறி. சுவரில் உன் வாக்குதான் எழுதியிருக்கிறது, என்னுடையது இல்லை.

கிருஷ்ணன்கோவில் பக்கத்து மில் ஒன்று அடுத்த பெட்டிக்குக் காத்திருக்கிறது. மறுவீடு முடிந்ததும் மாட்டிக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த போர்டு வேறு, கேள்விகளும் வேறு. வேறு யாருக்கும் சொல்லித் தருவதற்கு நான் சம்மதிக்கவில்லை. நானே கட்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்: பெய்கிற மழையில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் மிதந்து மதுரைக்குப் போய்விடும்.

என் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், தடுக்க முடியாது. முகூர்த்தத்தன்று தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு வரும். முன்னால் பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் நாலு பேர் தூக்கி வருவது சம்பந்தி கடை அண்டா. அதற்குள் வைக்கோல் பரப்பி நம் ஆபீஸ் கம்ப்யூட்டர், ஆச்சி இடம் கொடுத்த அதே மானிட்டர், மாலை போட்டு, குங்குமம் வைத்து. பட்டறைச் சாவியைக் கீபோர்டில் எண்டர் பட்டன் மேல் வைத்து மில் நூலால் இறுக்கிக் கட்டப் போகிறேன். சாவியைக் கையில் எடுக்காமல் இனி யாரும் அதைத் தட்ட முடியாது.

அண்டா இறங்கியதும் உன் மாமனார் எட்டிப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்பார். சபையே என் வாயைப் பார்க்கும். நான் பேசமாட்டேன். பிறந்ததிலிருந்து எந்தக் கேள்வியையும் பதில் இல்லாமல் திருப்பி அனுப்பாத இந்த வாயில் ஒரு லட்டை முழுசாக அடைத்துக்கொண்டு உன்னைப் பார்ப்பேன். 'ஒய்' சொல், 'என்' சொல், இல்லை, "வேலைக்குப் போனா என்ன மாமா?" என்று அவரையே ஒரு கேள்விக்குறி தட்டு. எதுவானாலும் நீ சொல்.

லட்டைப் பெரிதாகப் பிடிக்கச் சொல்லிச் சமையல் மாஸ்டரிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அது கரைய நேரம் ஆகும். அவசரமில்லை, யோசித்துப் பேசு.

வாயில் லட்டோடும், உன் மஞ்சள் விளக்கின் மேல் வைத்த கண்ணோடும்,
உன் மாமன்.